கல்யாண வீட்டில் பாடிய பாட்டு

“அப்பா, இந்தப் பாட்டுல அழுவுறது யாரு?”

ஐரின் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவளுடைய அப்பா பெலிக்ஸ் திண்டுக்கல் வீட்டின் முன்னறையில் கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். டேப் ரெக்கார்டரில் அவருடைய குழு பாடிய ‘மான்விழியே’ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணம் முடிந்து, சொற்களே இல்லாமல் கிதார் மட்டும் பேசும் இடம். அந்த இடம் வந்தால் மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவர்கள்கூடக் கரண்டியோடு நின்றுவிடுவார்கள் என்று அவருக்குப் பெருமை உண்டு.

“யாரும் அழல பாப்பா. கம்பிய இழுத்துப் புடிச்சா அப்படித்தான் சத்தம் வரும்.”

“அப்ப கம்பிக்கு வலிக்குதா?”

அவர் சிரித்துவிட்டுக் கம்பியை முறுக்கினார். ஆனால் அன்று அவர் பொய் சொன்னார். குழந்தையிடம் சொல்லும் பொய்யை யாரும் கணக்கில் வைப்பதில்லை. சொன்னவர் நெஞ்சில் மட்டும் அது கிடக்கும்.

இப்போது ஐரினுக்கு முப்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறாள். கரும்பாறை என்ற அந்த ராக் இசைக்குழுவுக்கு இந்த நவம்பரில் நாற்பத்தைந்து ஆண்டு நிறைகிறது. விழாவில் வெளியிட ஒரு சிறு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். குழுவைத் தொடங்கிய நான்கு பேரில் டிரம்ஸ் வாசித்த ராயப்பராஜும், பாடிய மோகன்குமாரும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் பெலிக்ஸும், பேஸ் கிதார் வாசிக்கும் ரஃபியும்தான். மற்ற இடங்களில் இளைஞர்கள் வந்து வந்து போனார்கள், குழு நிலைத்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் அவள் பரணிலிருந்து தகரப் பெட்டி ஒன்றை இறக்கினாள். உள்ளே முழுவதும் கல்யாணப் பத்திரிகைகள், மூலைகளில் மஞ்சள் காய்ந்து பழுப்பேறியவை. அது ராயப்பராஜ் வைத்த சட்டம். தொடக்க காலத்தில் ஒருநாள் மண்டபம் மாறிப் போய், முன்பின் தெரியாத ஒரு ஜோடிக்கு ஒரு மணி நேரம் பாடி, பாயசமும் குடித்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு பத்திரிகை கைக்கு வராமல் கரும்பாறை எந்தக் கல்யாணத்துக்கும் கிளம்பியதில்லை. மேடையில் ராக் பாடியது வருடத்துக்கு நாலைந்து முறைதான். வயிற்றைக் கழுவியது கல்யாண வரவேற்புகளில்தான்.

“அப்பா, ‘வேர்’னு ஒரு அத்தியாயம் வச்சிருக்கேன். ‘மான்விழியே’ பொறந்த கதைய இன்னொரு தடவ சொல்லுங்க.”

அந்தக் கதையை அவர் எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கப்பலில் சமையல்காரராக இருந்த சித்தப்பா அமெரிக்காவிலிருந்து ப்ளூஸ் கேசட்டுகள் கொண்டுவந்தார். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த கறுப்பின மக்களின் பாட்டுகள். மாதக்கணக்கில் அவற்றைக் கேட்டுக் கேட்டு வாசித்தார்கள். ஒருநாள் சாயங்காலம் நாலு பேரும் மலைக்கோட்டை மேல் நின்றபோது மழை வந்தது. மழையோடு பாட்டும் வந்தது.

முதல் பாதி உண்மை. கேசட்டுகள் வந்தன. பெலிக்ஸ் விரல் தேய வாசித்தார். சுரம் சரியாக விழுந்தது, அழுகைதான் விழவில்லை. அந்தப் பாடகர்கள் இரண்டு சுரங்களுக்கு நடுவில் எதையோ பிடித்து இழுத்தார்கள். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அது தெரிந்த நாளில் மழை இல்லை. வேகாத வெயில் அடித்தது.

“ஏம்ப்பா, குஜிலியம்பாறையில எல்லாம் வாசிச்சிருக்கீங்களா?” ஐரின் ஒரு பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு சிரித்தாள். “ரெண்டாயிரத்து ஒண்ணு. மணமகன் சடையாண்டி, மணமகள் புவனேஸ்வரி. மேல ‘தெய்வத்திரு மருதாயி ஆசியுடன்’னு போட்டிருக்கு. மாப்பிள்ளையோட பாட்டியா இருக்கும்.”

பெலிக்ஸ் கையை நீட்டி அதை வாங்கினார். பெற்றோர் பெயர் இருந்த வரியைப் படித்தார். மணமகனின் தாய்: பொன்னழகு.

பாட்டி இல்லை. ஏழு வயதுப் பிள்ளை. 

“என்னப்பா, வேர்க்குது ஒங்களுக்கு?”

“ஃபேன போடும்மா” என்றார்.

*

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் பெலிக்ஸின் அப்பா சூசைமுத்து, குஜிலியம்பாறைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாத்தியார். இரண்டாம் வகுப்பில் படித்த மருதாயி என்ற பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. சைக்கிள் மிதிக்க முடியாத அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துச் சாவு வீட்டுக்கு அழைத்துப் போனவர் பெலிக்ஸ். இருபத்தோரு வயது. புதிதாக வாங்கிய டேப் ரெக்கார்டரை எங்கே போனாலும் தோளில் மாட்டிக்கொண்டிருந்த காலம்.

பந்தலுக்கு வெளியே நின்றபோது தாய் பொன்னழகின் ஒப்பாரி காதில் விழுந்தது. மாதக்கணக்கில் கம்பியில் தேடிய அந்த இடம், இரண்டு சுரத்துக்கும் நடுவில் இருந்த அந்த இடம், அவள் தொண்டையில் இருந்தது. பெலிக்ஸ் டேப் ரெக்கார்டரைத் துண்டால் மூடிக்கொண்டு பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

சோறு ஆறிப் போகுதடி – நீ
சொல்லாமப் போனவளே
வாசக் கதவு தெறந்திருக்கு – நீ
வந்துருடி மருதாயி

நண்பர்களிடம் ஏதோ நாட்டுப்புறப் பாட்டு என்றார். ‘சோறு ஆறிப் போகுதடி’ என்பது ‘நெஞ்சம் ஆறிப் போகலியே’ ஆயிற்று. ‘மருதாயி’ இருந்த இடத்தில் ‘மான்விழியே’ உட்கார்ந்தது. மற்றபடி ஒரு சொல்லையும் மாற்றத் தேவைப்படவில்லை. போன பிள்ளையைக் கூப்பிடுவதும் போன காதலியைக் கூப்பிடுவதும் அவ்வளவு பக்கத்தில் இருந்தன.

ஒலிநாடாவில் சில வரிகள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மற்றப் பெண்களின் அழுகையும் தப்பு மேளச் சத்தமும் அவற்றின்மேல் விழுந்து சொற்களை மூடிவிட்டன. ஆனால் ராகம் அங்கேதான் உச்சத்துக்குப் போய் வளைந்தது. அந்த வரிகளைக் கிதாரில் வாசித்தார். சொல் இல்லாத அந்த இடம்தான் கரும்பாறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

ஒப்பாரிக்கு ஒரு வரம்பு உண்டு. சாவு விழாத வீட்டில் அதைப் பாடக்கூடாது. விளையாட்டுக்குப் பாடும் பிள்ளையைக்கூட அடித்துத் தெருவுக்கு விரட்டுவார்கள். இது பெலிக்ஸுக்கும் தெரியும். தெரிந்தும் நூற்றுக்கணக்கான கல்யாண வீடுகளில் அதை வாசித்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல முழங்காலிட்டபோதெல்லாம் இதையும் சொல்லலாமா என்று தோன்றும். பத்துக் கட்டளைகளில் எதன் கீழ் இதைச் சொல்வது என்று தெரியாமல், கோபப்பட்டதையும் பூசைக்குப் பிந்தி வந்ததையும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

இப்போது இந்தப் பத்திரிகை. செத்துப்போன பிள்ளையின் ஒப்பாரியை, அந்தப் பிள்ளையின் தம்பி கல்யாணத்தில், பெற்றவள் முன்னாலேயே போய்ப் பாடிவிட்டு வந்திருக்கிறார். அந்த நிகழ்ச்சியை ஒப்புக்கொண்டது மோகன்குமார். ஊர் பெயரைக்கூடக் கேட்காமல் வண்டியில் ஏறித் தூங்கியவர் பெலிக்ஸ். பத்திரிகையைப் பெட்டியில் போட்டார்கள், யாரும் படிக்கவில்லை.

*

பேகம்பூரில் ரஃபிக்கு ஒலிபெருக்கி வாடகைக் கடை. பெலிக்ஸ் போனபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கேசட் ஓடுற டேப் ஒண்ணு வேணும் ரஃபி. பேட்டரியில ஓடணும்.”

“எந்த மியூசியத்துக்குடா?”

பெலிக்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். ரஃபி வயர் சுற்றுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் முடிச்சைப் போட்டார்.

“இத எங்கிட்டச் சொல்ல ஒனக்கு நாப்பத்து நாலு வருசம் ஆச்சு.”

“மேடையில சொல்லிரலாம்னு இருக்கேன். அந்தம்மாவக் கூட்டிட்டு வந்து, உக்கார வச்சு, பொன்னாடை போத்தி, இது இவங்க பாட்டுன்னு…”

“போட்டோ எடுப்பானுக. நீ அழுவ. ஜனம் கை தட்டும். மறுநாளு பேப்பர்ல ஒன் மொகந்தான் பெருசா இருக்கும்.” ரஃபி எழுந்து அலமாரியில் துழாவினார். “அந்தப் பாட்டு போச்சுன்னா பேண்டும் போச்சு, தெரிஞ்சுக்க. நம்மகிட்ட வேற என்னத்த இருக்கு? ஆளுக்கு ஒரு முழங்கால் வலி.”

ஆனாலும் டேப் ரெக்கார்டரைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பெலிக்ஸ் இத்தனை வருடம் வைத்திருந்த அந்த ஒப்பாரிக் கேசட் சிக்கிக்கொண்டால் எடுக்க ஒரு பென்சிலையும் சேர்த்துக் கொடுத்தார்.

*

குஜிலியம்பாறையில் பஸ் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் பொன்னழகு வீட்டுக்குப் போனார். வாசலில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் வந்து, கையை நெற்றிக்குமேல் வைத்துப் பார்த்தாள்.

“யாரு வேணும்… ஆத்தாடி! நீங்க எங்க கல்யாணத்துல வாசிச்சவகதானே? கரும்பாறை! யூடியூப்ல பாக்குறோமே!” புவனேஸ்வரி உள்ளே திரும்பிக் கூவினாள். “அத்தே, யாரு வந்திருக்காகன்னு பாருங்க! மான்விழியே வந்திருக்காக!”

பெலிக்ஸுக்கு அங்கேயே திரும்பிவிடலாம் போலிருந்தது.

“காப்பி குடிச்சுட்டுத்தான் போகணும். எங்க மாமியாளுக்கு மட்டும் அந்தப் பாட்டுன்னா ஆகாது, கேட்டுக்கங்க. எங்க போட்டாலும் எந்திரிச்சுப் போயிரும். பாட்டு கூட்டுன்னா என்னன்னே தெரியாது அதுக்கு.” அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

பொன்னழகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எழுபதைத் தாண்டிய உடம்பு, நேரான பார்வை. அவர் தோளில் தொங்கிய டேப் பெட்டியைப் பார்த்தாள்.

“வாத்தியாரு மகந்தானே நீ?”

“ஆமாம்மா.”

“வீட்டுக்குள்ள வேணாம். சின்னப் புள்ளைக இருக்கு. காட்டுப் பக்கம் போவம், வா.”

பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

மானாவாரி நிலத்தின் ஓரத்தில் ஒரு உசிலமரம். அதன் அடியில் சிறு கல் ஒன்று; மஞ்சள் தேய்த்திருந்தது. சிறு பிள்ளைகளை எரிப்பதில்லை. சொந்த நிலத்து ஓரத்தில்தான் மருதாயியைப் புதைத்தார்கள். சற்றுத் தள்ளிக் கன்னிமார் கற்கள் ஏழும், எண்ணெய் கசிந்த மண் விளக்குகளும். வரப்பில் நடக்கும்போது பொன்னழகு இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். பெலிக்ஸ் கை கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நான் ஒரு தப்பு…”

“தெரியும்ப்பா.”

“எப்ப இருந்து?”

“மொதல்ல வேடசந்தூருல, ஒரு கல்யாணத்துல கேட்டேன். ஏதோ நம்ம காது பண்ணுதுன்னு இருந்தேன். அப்புறம் எம் மகன் கல்யாணத்துலயே கேட்டேன். ஒன்னையவும் பாத்தேன். கண்ண மூடிக்கிட்டு வாசிச்சுக்கிட்டு இருந்த.” அவள் மரத்தடியில் மெல்ல உட்கார்ந்தாள். “எந்திரிச்சு மாட்டுக் கொட்டத்துக்குப் போயிட்டேன். மக செத்த பாட்ட மகன் கல்யாணத்துல பாடுறாகன்னு யாருகிட்டச் சொல்ல? பொண்ணு வீட்டுக்காரகளுக்குத் தெரிஞ்சா அந்தப் புள்ள புவனா பயந்துராதா?”

“எம்மேல கோவம் இல்லையாம்மா?”

“இல்லாம? பத்து வருசம் இருந்துச்சு. மண்ண வாரித் தூத்தணும்னு இருந்துச்சு. பெறகு ஒருநா பஸ்ஸுல வாரேன், டிரைவரு அந்தப் பாட்டப் போட்டாரு. முன் சீட்டுல ஒரு புள்ளக்காரி. கைப்புள்ள வீறிட்டு அழுதுக்கிட்டே வருது. அந்தப் பாட்டுக்குத் தட்டிக் குடுத்தா பாரு, தூங்கிருச்சு. எம் மருதாயிதான் தூங்க வச்சான்னு நெனச்சுக்கிட்டேன். அதோட விட்டுட்டேன்.” கல்லின்மேல் உதிர்ந்திருந்த இலையைத் தட்டிவிட்டாள். “ஆனா கல்யாணத்துல மட்டும் பாடப்புடாதுப்பா. பயமா இருக்கு. எந்தக் கல்யாணத்துல அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டாலும், இந்தா, இங்க வந்து அந்தப் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒரு வெளக்கு ஏத்திருவேன். யாரு என்னன்னு தெரியாது. நல்லா இருக்கட்டும்னு ஏத்துறதுதான். எம் மகனுக்கு மூணு மாசம் ஏத்துனேன்.”

பெலிக்ஸ் அந்த விளக்குகளைப் பார்த்தார். எத்தனை கல்யாணம், எத்தனை வருடம். தான் மேடை மேடையாகச் செய்துவிட்டுப் போனதை, யாரும் கேட்காமல், ஒருத்தி பின்னாலேயே வந்து துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நவம்பர்ல பெரிய விழா வைக்கிறோம்மா. அங்க வாங்க. எல்லார் முன்னாலயும் இது ஒங்க பாட்டுன்னு சொல்லி, மருதாயி பேரையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுர்றேன்.”

“வேணாம்.”

“அம்மா…”

“ஊரு முன்னால சொன்னா ஒனக்கு நெஞ்சு லேசாகும். எம் புள்ள பேர மைக்குல போடுவ, நாளைக்கு அதையும் பாட்டாக்கிருவாக. அவ பேரு இங்கயே இருக்கட்டும்.” கோபம் இல்லாமல்தான் சொன்னாள். “நீ பாடுறத நிறுத்து. அது போதும்.”

“மத்தவங்க பாடுறாங்களே. இப்ப எல்லா ட்ரூப்பும் பாடுது.”

“அதுக்கு என்ன செய்ய? கேக்குற வரைக்கும் கேட்டு, நடக்குற வரைக்கும் நடந்து வந்து வெளக்கு ஏத்துறேன். முட்டிதான் வலிக்குது, அம்புட்டுத்தான்.”

பிறகு பெட்டியைக் காட்டினாள். “அதுல அவ பேரு இருக்கா?”

“இருக்கும்மா.”

“போடு. ஒரு தடவ கேப்பம்.”

அவர் பொத்தானை அழுத்தினார். இரைச்சலுக்குப் பின்னால் தப்புச் சத்தம், பெண்களின் அழுகை, அதற்குள்ளிருந்து இருபத்தேழு வயதுப் பொன்னழகின் குரல் எழுந்தது. சோறு ஆறிப் போகுதடி. பொன்னழகு அந்தக் கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் அழவில்லை. ‘மருதாயி’ என்று வந்தபோது மட்டும் உதடு அசைந்தது.

அந்த வரிகள் வந்தன. குரல் உச்சத்துக்குப் போய் வளையும் வரிகள்.

“அம்மா, இந்த எடத்துல என்ன சொல்றீங்க? இது மட்டும் எனக்கு வெளங்கவே இல்ல.”

“திரும்பப் போடு.”

பென்சிலால் நாடாவைக் கொஞ்சம் பின்னால் சுற்றிப் போட்டார். அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். மூன்றாவது முறை கேட்டதும் அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது.

“அட, இது ஒன்னையச் சொன்னதுப்பா.”

“என்னையா?”

“துக்கத்துக்கு வந்தவகளையும் சேத்துச் சொல்லித்தானே அழுவோம்.” அவள் டேப்போடு சேர்ந்து, மிக மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னாள்.

வெயிலுல நிக்கிறது – அது
யாரு பெத்த புள்ளையோ
நெழலுக்கு வரச் சொல்லுங்க – அவன்
நெஞ்சு காஞ்சு போகுமே

பெலிக்ஸுக்கு நினைவு வந்தது. அன்று வெளியே நின்றபோது யாரோ ஒரு பெண் வந்து கையைப் பிடித்து, “உள்ள வா தம்பி” என்று பந்தல் நிழலுக்கு இழுத்துப் போனாள். ஏன் வந்தாள் என்று அவர் யோசித்ததில்லை. துண்டுக்குள் பொத்தான் ஓடுகிறதா என்று பார்ப்பதிலேயே இருந்தார். ராகத்தைத்தான் கேட்டார். சொல்லைக் கேட்கவில்லை.

செத்துக் கிடந்த மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, வெயிலில் நின்ற ஒரு பிள்ளையை அவள் பார்த்திருக்கிறாள். அவன் அப்போது அவளிடம் திருடிக்கொண்டிருந்தான்.

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“அழுவாத அப்பு” என்றாள் பொன்னழகு. “காப்பி போட்டிருப்பா அந்தப் புள்ள. ஆறிப் போகும்.”

கேசட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

விழா நடந்தது. மைதானம் நிறைந்திருந்தது. இரண்டு மணி நேரம் கரும்பாறை மற்ற எல்லாவற்றையும் வாசித்தது. கடைசியில் எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில் பெலிக்ஸ் கிதாரைக் கழற்றி வைத்தார். கூட்டம் “மான்விழியே! மான்விழியே!” என்று கத்தியது.

அவர் மைக்கருகே வந்தார். “அது எங்க பாட்டு இல்லைங்க. ஒடையவங்ககிட்டத் திருப்பிக் குடுத்துட்டோம். இனிமே வாசிக்க மாட்டோம். மன்னிச்சுக்கங்க.”

முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு கூச்சல் எழுந்தது. “பின்ன எதுக்குப் பெருசு கூப்புட்ட?” என்று ஒருவன் கத்தினான். காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து டிரம்ஸில் பட்டு விழுந்தது. யார் பாட்டு, யாரிடமிருந்து எடுத்தது என்று மறுநாள் முழுக்க ஃபோனில் எழுதினார்கள். வெளிநாட்டுப் பாட்டைக் காப்பியடித்து மாட்டிக்கொண்டார்கள் என்று ஒருவர் நிரூபித்தே காட்டினார். பெலிக்ஸ் யாருக்கும் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் பெயர் சொல்ல வேண்டும்; பெயர் அவருடையது அல்ல.

ரஃபி ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் ஃபோன் செய்தார்.

“கார்த்திகையில ரெண்டு கல்யாணம் கேன்சல். ஒனக்குச் சந்தோசமா?”

“மன்னிச்சுக்கடா.”

“டேப் ரெக்கார்டர் வாடகை பாக்கி இருக்கு, மறந்துறாத.” வயர் இழுபடும் சத்தம் கேட்டது. “அந்தம்மா நல்லா இருக்காகளா?”

“நல்லா இருக்காங்க. முட்டி வலிதான்.”

“நமக்கும் அதுதானே” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஐரினின் புத்தகத்தில் ‘வேர்’ அத்தியாயத்தில் கப்பல் சித்தப்பா இருக்கிறார். பருத்திக் காட்டுப் பாடகர்கள் இருக்கிறார்கள். மலைக்கோட்டை மழை இல்லை. அதை எடுத்துவிடச் சொன்னார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. திருத்திய தாளை மடித்து வைத்துவிட்டு வேறொன்று கேட்டாள்.

“அப்பா, சின்ன வயசுல ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“யாரும் அழலன்னு சொன்னீங்க.”

“ஒரு அம்மா அழுதாங்க” என்றார். “அழும்போதே, வெயில்ல நின்ன ஒருத்தன நெழலுக்குக் கூப்பிட்டாங்க.”

அவள் காத்திருந்தாள். அவர் எழுந்து போய் அந்தத் தகரப் பெட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொன்னழகு தன் காதில் விழுந்த கல்யாணங்களுக்குத்தான் விளக்கு ஏற்றினாள். விழாதவை பெட்டிக்குள் இருந்தன. நத்தம், நிலக்கோட்டை, தாடிக்கொம்பு, பழனி. நாற்பத்து நாலு வருடம்.

இப்போதெல்லாம் பெலிக்ஸ் விடியுமுன் மாதா கோயிலுக்குப் போகிறார். காலைப் பூசைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். கதவைத் திறந்துவிட்டுக் கோயில்பிள்ளை மணிக்கூண்டுப் பக்கம் போயிருப்பார். மாதா சுரூபத்தின் முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுப்பார். மூலையில் மஞ்சள் காய்ந்திருக்கும். ஒரு மெழுகுவத்தி ஏற்றி, பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாய்விட்டுப் படிப்பார். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ, எப்படி இருக்கிறார்களோ தெரியாது. நல்லா இருக்கட்டும் என்று சொல்வார்.

முதல் நாள் படித்தது சடையாண்டி, புவனேஸ்வரி.

ஒவ்வொரு நாளும் கடைசியில் இன்னொரு பெயரையும் சொல்வார். கல்யாணப் பெயர்களைவிடத் தாழ்ந்த குரலில், பாட்டாக இல்லாமல், வெறும் பெயராக. பிறகு பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பூசைக்கு ஆள் வருவதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியே வெளியே வந்துவிடுவார்.